எட்டும் ஏழும் எவ்வளவு: டைம் வைத்துப் பழக்கலாமா, பரிசு கொடுக்கலாமா?

பேரணாம்பட்டு பக்கம் ஒரு தொடக்கப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு எடுக்கும் டீச்சர் ஒருவர் கேட்ட கேள்விக்கு இது பதில். அவர் வகுப்பில் பாதிப் பேருக்கு மேல் 8 + 7 என்றால் இன்னும் விரல் விட்டுத்தான் எண்ணுகிறார்களாம். இனமாற்றக் கூட்டல், அதாவது பத்தைத் தாண்டினால் ஒன்றைப் பக்கத்து இடத்துக்குக் கொண்டுபோகிற கூட்டல் வந்தால் ஒரு கணக்குக்கே ஐந்து நிமிடம் போகிறதாம். அதனால் தினமும் ஒரு நிமிடம் டைம் வைத்து 20 கணக்கு கொடுத்து, முதலில் முடிப்பவர்களுக்குப் பரிசு கொடுக்கலாம் என்று நினைக்கிறார். பக்கத்து வகுப்பு டீச்சரோ, டைம் வைத்தால் பிள்ளைகள் கணக்கைக் கண்டாலே பயப்படுவார்கள், வேண்டாம் என்கிறார். எது சரி என்று கேட்கிறார்.

டைம் வைக்கலாம் டீச்சர், பரிசும் கொடுக்கலாம். ஆனால் "முதலில் முடிப்பவர்களுக்கு" என்பதை எடுத்துவிடுங்கள், டைம் வைப்பதை நாளைக்கே ஆரம்பிக்காதீர்கள். கடைசியில் செய்ய வேண்டியதை முதலில் செய்யப் பார்க்கிறீர்கள், உங்கள் திட்டத்தில் இருக்கிற சிக்கல் அது ஒன்றுதான். மற்றபடி யோசனை நல்ல யோசனை.

வேகம் எதற்கு, மெதுவாகப் போட்டாலும் விடை சரியாக வந்தால் போதாதா என்று சிலர் கேட்பார்கள். 48 + 37 போடுகிற பிள்ளையைப் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். எட்டோடு ஏழைக் கூட்ட விரலை எடுக்கும், பதினைந்து வரும், ஐந்தை எழுதிவிட்டு ஒன்றை மேலே வைக்க வேண்டும், ஆனால் அதற்குள் எந்தக் கணக்கில் இருந்தோம் என்பதே மறந்துபோயிருக்கும். நாம் ஒரு நேரத்தில் மனதில் பிடித்து வைத்துக்கொள்ளக்கூடியது ரொம்பக் கொஞ்சம். அதில் பெரும் பங்கை 8 + 7 தின்றுவிட்டால் இனமாற்றத்துக்கு இடம் ஏது? அடிப்படைக் கூட்டல் யோசிக்காமல் வாயில் வர வேண்டும் என்று சொல்வது இதற்காகத்தான். மேலே போகப்போகப் பெருக்கலும் வகுத்தலும் பின்னமும் வரும்போது இந்த ஓட்டை இன்னும் பெரிதாகத் தெரியும்.

முதலில் யார் எங்கே நிற்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். இதற்குத் தாளில் தேர்வு வைத்தால் பாதிதான் தெரியும், தனித்தனியாகக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும். ஆளுக்கு இரண்டு நிமிடம் போதும். 2 + 9 கேளுங்கள். சில பிள்ளைகள் இரண்டு விரல், ஒன்பது விரல் என்று தனித்தனியாக எடுத்து எல்லாவற்றையும் ஒன்றில் இருந்து எண்ணும். சில பிள்ளைகள் இரண்டில் ஆரம்பித்து ஒன்பது தடவை மேலே போகும். சில பிள்ளைகள் ஒன்பதை மனதில் வைத்துக்கொண்டு பத்து, பதினொன்று என்று முடித்துவிடும். மூன்றுக்கும் விடை 11தான், தாளில் மூன்றும் ஒரே மாதிரிதான் தெரியும். அப்புறம் விடை தப்பாக வரும் பிள்ளைகளின் தப்பையும் கவனியுங்கள். 8 + 7 = 14, 6 + 5 = 10 என்று எப்போதும் ஒன்று குறைவாக வந்தால், அந்தப் பிள்ளை மேலே எண்ணும்போது எட்டையே முதல் எண்ணாக எண்ணுகிறது என்று அர்த்தம். அதை ஐந்து நிமிடத்தில் சரி செய்யலாம். சரி செய்யாமல் டைம் வைத்தால் அதே தப்பை இன்னும் வேகமாகச் செய்யும், அவ்வளவுதான்.

விரலை எடுத்தால் அடிக்கிற, திட்டுகிற பழக்கம் நம் பக்கத்தில் இன்னும் இருக்கிறது. அதனால் ஒரு பலனும் கிடையாது. பிள்ளை எண்ணுவதை நிறுத்தாது, ஒளித்துக்கொள்ளும். மேஜைக்கு அடியில் விரல், செருப்புக்குள் கால் விரல், தலையை லேசாக ஆட்டுவது, நாக்கால் பல்லைத் தொட்டு எண்ணுவது, இதெல்லாம் குடியாத்தம், அணைக்கட்டு பக்கப் பள்ளிகளில் நான் நிறையப் பார்த்திருக்கிறேன். விரலைத் தடுக்க வேண்டாம். விரலைவிட வேகமான வழி ஒன்று கைக்கு வந்துவிட்டால் பிள்ளையே விரலை விட்டுவிடும்.

அந்த வழி என்ன என்பதில்தான் விஷயமே இருக்கிறது. ஆர்தர் பரூடி என்ற அமெரிக்க ஆய்வாளர் இதை மூன்று கட்டமாகச் சொல்கிறார்: முதலில் எண்ணிக் கண்டுபிடிப்பது, அடுத்து தெரிந்த ஒன்றை வைத்துத் தெரியாததை யோசித்துக் கண்டுபிடிப்பது, கடைசியில் யோசிக்காமலே வருவது. நாம் பெரும்பாலும் முதல் கட்டத்தில் இருந்து மூன்றாவதுக்குத் தாவப் பார்க்கிறோம். நடுவில் இருப்பதை யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. டைம் வைப்பது மூன்றாவது கட்டத்துக்கு உதவுகிற வேலை. நடுக்கட்டம் இல்லாத பிள்ளைக்கு டைம் வைப்பது நாற்று நடாத வயலில் களை எடுக்கப் போகிற மாதிரி.

நடுக்கட்டத்துக்கு எவ்வளவு நாள் ஆகும் என்று பயப்பட வேண்டாம். கணக்குப் போட்டுப் பாருங்கள். 0 முதல் 9 வரை உள்ள எண்களை இரண்டிரண்டாகக் கூட்டினால் மொத்தம் 100 கூட்டல். 3 + 8 தெரிந்தால் 8 + 3-உம் தெரிந்த மாதிரி என்று பிள்ளைக்குப் புரியவைத்துவிட்டால் அது 55 ஆகிவிடும். பூச்சியத்தைக் கூட்டுவது, ஒன்றைக் கூட்டுவது, இரண்டும் சேர்ந்து 19 போய்விடும், மீதி 36. இரண்டைக் கூட்டுவதில் 8 போனால் 28. இரட்டைகள், அதாவது 3 + 3-இல் இருந்து 9 + 9 வரை 7, இதைப் பிள்ளைகள் பாட்டு மாதிரி சீக்கிரம் பிடித்துக்கொள்ளும், மீதி 21. பத்து வரும் ஜோடிகளில் இதற்குள் வராதவை 3 + 7, 4 + 6 இரண்டுதான், மீதி 19. ஒன்பதைக் கூட்டுவதில் ஒன்றை வாங்கிப் பத்தாக்கு என்ற ஒரே வழி போதும், அதில் 6 போனால் 13. இரட்டையை ஒட்டி வருபவை, 3 + 4, 4 + 5, 5 + 6, 6 + 7, 7 + 8, இவை ஐந்தும் போனால் கடைசியில் நிற்பது எட்டே எட்டு: 3 + 5, 3 + 6, 3 + 8, 4 + 7, 4 + 8, 5 + 7, 5 + 8, 6 + 8. இந்த எட்டிலும் 8 வருகிற நான்கையும் "எட்டுக்கு இரண்டு கொடுத்தால் பத்து" என்று முடித்துவிடலாம். நூறு கூட்டலை மனப்பாடம் செய் என்று பிள்ளையிடம் சொல்வதற்கும் இப்படிக் கழித்துக் காட்டுவதற்கும் எவ்வளவு வித்தியாசம் என்று பாருங்கள். பத்துக்குப் பத்து கட்டம் போட்ட ஒரு தாளைச் சுவரில் ஒட்டி, ஒன்றைக் கூட்டுவது, இரட்டைகள் மாதிரி ஒரு குடும்பம் முடிந்ததும் அந்தக் கட்டங்களுக்கு வண்ணம் தீட்டச் சொல்லுங்கள். இன்னும் எவ்வளவு மிச்சம் என்று வகுப்புக்கே தெரியும்.

பத்தாக்குவதற்குப் பொருள் வேண்டும். விலை கொடுத்து எதுவும் வாங்க வேண்டாம், சத்துணவு முட்டை வருகிற அட்டை போதும். 30 முட்டை அட்டையில் ஐந்து ஐந்தாக ஆறு வரிசை இருக்கும். இரண்டு இரண்டு வரிசையாக வெட்டினால் ஒரு அட்டையில் மூன்று பத்துக்குழித் தட்டுகள் கிடைக்கும். உள்ளே போடப் புளியங்கொட்டை. நம் ஊரில் அதற்குப் பஞ்சமா? ஒரு தட்டில் எட்டு, இன்னொன்றில் ஏழு போடச் சொல்லுங்கள். எட்டில் இரண்டு குழி காலியாக இருப்பது கண்ணுக்குத் தெரியும். ஏழில் இருந்து இரண்டை எடுத்து அதில் போட்டால் ஒரு தட்டு நிறைந்துவிடும், அந்தப் பக்கம் ஐந்து இருக்கும், பதினைந்து. இதைக் கையால் செய்த பிள்ளை கொஞ்ச நாளில் தட்டைப் பார்த்தே சொல்லும், அப்புறம் தட்டு இல்லாமலே சொல்லும். இதற்கு முன்னால் ஒன்று தெரிந்திருக்க வேண்டும்: எந்த எண்ணுக்கு எது சேர்ந்தால் பத்து, ஏழை எப்படியெல்லாம் பிரிக்கலாம். அது வராத பிள்ளைக்கு இந்த வழி ஏறாது. அரசின் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்த பிறகு வகுப்பில் பிள்ளைகளை அவரவர் நிலைக்கு ஏற்ப அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்து வைத்திருப்பீர்கள், அரும்புக் குழுவுக்குப் பத்தின் ஜோடிகளே ஒரு மாத வேலை. அவசரப்படுத்த வேண்டாம்.

உங்கள் பக்கத்துக்கே உரிய இன்னொரு விஷயம், மொழி. பேரணாம்பட்டில் வீட்டில் உருது பேசுகிற பிள்ளைகள் நிறைய, ஆந்திர எல்லையை ஒட்டிய ஊர்களில் தெலுங்கு பேசுகிறவர்கள் இருப்பார்கள். ஆங்கில வழிப் பிரிவு என்றால் "எய்ட் ப்ளஸ் செவன்" என்று நீங்கள் கேட்பீர்கள், பிள்ளை அதை வீட்டு மொழிக்கு மாற்றி, கூட்டி, திரும்பவும் ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்து சொல்லும். இதில் போகிற இரண்டு மூன்று விநாடி கணக்கில் உள்ள குறை இல்லை. வாய்மொழியாகக் கேட்கும்போது எந்த மொழியில் சொன்னாலும் சரி என்று விட்டுவிடுங்கள், அல்லது விடையைச் சிலேட்டில் எழுதிக் காட்டச் சொல்லுங்கள். எண்ணுகிற மொழி ஒன்றாகவும் விடை கேட்கிற மொழி இன்னொன்றாகவும் இருக்கிற பிள்ளையை மெதுவான பிள்ளை என்று முடிவு கட்டிவிடுவது ரொம்ப சாதாரணமாக நடக்கிறது.

வழி தெரிந்த பிறகு பழக்கம். இதற்கு நான் எப்போதும் சொல்வது அட்டைதான். கல்யாணப் பத்திரிகைகளைச் சின்னதாக வெட்டி ஒரு பக்கம் கணக்கு, பின்பக்கம் விடை எழுதுங்கள். பிள்ளைகளை இரண்டிரண்டு பேராக உட்காரவையுங்கள், ஒருவர் காட்ட இன்னொருவர் சொல்ல வேண்டும். ஒரு கட்டில் பத்து அட்டை, அதில் ஏழு எட்டு நன்றாகத் தெரிந்தது, இரண்டு மூன்றுதான் புதுசு. பத்துமே புதுசாக இருந்தால் பிள்ளை தளர்ந்துபோகும், எதுவும் நிற்காது. விடை உடனே வரவில்லை என்றால் மனதுக்குள் மூன்று எண்ணிவிட்டு ஜோடிப் பிள்ளை விடையைக் காட்டலாம். தெரியாதவர் "எட்டும் ஏழும் பதினைந்து" என்று முழுசாகச் சொல்ல வேண்டும், அந்த அட்டையைக் கட்டின் அடியில் வைக்காமல் மூன்றாவது இடத்தில் செருக வேண்டும். அப்போது சில விநாடிகளில் அதே அட்டை திரும்ப வரும், இந்த முறை பெரும்பாலும் சொல்லிவிடும். நேற்றுப் படித்த மூன்றையும் போன வாரம் படித்த சிலதையும் இன்றைய கட்டில் கலந்து வையுங்கள். ஒரே நாளில் அரை மணி நேரம் உட்காரவைப்பதைவிடத் தினம் ஐந்து நிமிடம் நிற்கும். ஈராசிரியர் பள்ளி என்றால் இது இன்னும் வசதி, ஐந்தாம் வகுப்புக்குக் கரும்பலகையில் பாடம் நடக்கும்போது மூன்றாம் வகுப்பு ஜோடியாக உட்கார்ந்து இதைச் செய்யும். கொஞ்சம் சத்தம் வரும், பரவாயில்லை.

இப்போதுதான் டைம். ஒரு குடும்பத்துக் கணக்குகளை, உதாரணத்துக்கு ஒன்பதைக் கூட்டுவதை, அவசரம் இல்லாமல் கேட்டால் பிள்ளை இருபதில் குறைந்தது பத்தொன்பதைச் சரியாகச் சொல்கிறது என்று தெரிந்த பிறகு அந்தக் குடும்பத்துக்கு மட்டும் டைம் வையுங்கள். நூறையும் கலந்து முதல் நாளே கொடுக்கக் கூடாது. ஒரு கூட்டலுக்கு மூன்று விநாடி என்பதைப் பொதுவாக எல்லாரும் அளவாக வைக்கிறார்கள், நிமிடத்துக்கு 20 என்று நீங்கள் சொன்னதும் அதுதான். ஆனால் அதை எழுதச் சொல்லும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். டைம் வைப்பதற்கு முந்தின நாள், கணக்கே இல்லாமல், தாளில் இருக்கிற எண்களைப் பார்த்து ஒரு நிமிடம் எழுதச் சொல்லுங்கள். ஒரு பிள்ளை நிமிடத்துக்கு 30 இலக்கம்தான் எழுதுகிறது என்று வைத்துக்கொள்வோம். 15, 16, 17 மாதிரி இரண்டிலக்க விடைகள் என்றால் யோசிக்கவே நேரம் எடுக்காமல் எழுதினாலும் அதனால் 15 கணக்குக்கு மேல் போட முடியாது. அந்தப் பிள்ளைக்கு 20 என்று இலக்கு வைத்தால் நீங்கள் அளப்பது கையெழுத்தை, கூட்டலை இல்லை. அப்படிப்பட்ட பிள்ளைகளிடம் வாயால் கேளுங்கள்.

டைம் வைக்கிற முறையிலும் ஒரு சின்ன மாற்றம் சொல்கிறேன், இது ஒன்றே பாதிப் பயத்தைப் போக்கும். ஒரு நிமிடம் ஆனதும் "பேனாவை வை" என்று சொல்லாதீர்கள். "நிற்கிற இடத்தில் ஒரு கோடு போடுங்க" என்று சொல்லுங்கள், அப்புறம் எல்லாரும் மீதியையும் முடிக்கட்டும். கோட்டுக்கு மேல் இருப்பது வேகம், தாள் முழுக்க இருப்பது அறிவு, இரண்டும் உங்களுக்குக் கிடைத்துவிடும். எந்தப் பிள்ளையும் பாதி வெற்றுத் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியது இல்லை. செல்போனில் டைமர் வைத்தால் திரையைப் பிள்ளைகள் பார்க்கிற மாதிரி வைக்க வேண்டாம், கடைசிப் பத்து விநாடி கீச்சுக் கீச்சு என்று கத்துகிற டைமர் வேண்டவே வேண்டாம். தினமும் ஒரே நேரத்தில், முதல் பாடவேளை தொடங்கும்போது வையுங்கள். மார்ச் மாதம் மதியம் இரண்டு மணிக்கு வேலூர் மாவட்டத்து ஓட்டுக் கட்டடத்தில் உட்கார்ந்து நாமே எட்டும் ஏழும் எவ்வளவு என்று கொஞ்சம் யோசிப்போம்.

பக்கத்து வகுப்பு டீச்சர் சொன்ன பயம் பொய் இல்லை. ஸ்டான்ஃபோர்டில் கணிதக் கல்வி கற்பிக்கும் ஜோ போலர் இதையேதான் 2015-இல் ஒரு கட்டுரையில் எழுதினார், டைம் வைத்த தேர்வுகள் கணக்குப் பயத்தை வளர்க்கின்றன, எண்களோடு விளையாடித்தான் வேகம் வர வேண்டும் என்று. கணக்குப் பயம் உள்ளவர்கள் பதற்றத்தில் இருக்கும்போது மனதில் பிடித்துவைக்கிற இடமே குறைந்துபோகிறது என்று மார்க் ஆஷ்கிராஃப்ட் போன்றவர்களின் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அந்தப் பக்கம் இப்படி. இந்தப் பக்கம், அமெரிக்கக் கல்வித் துறையின் ஆய்வுப் பிரிவு, கணக்கில் பின்தங்கிய தொடக்க வகுப்புப் பிள்ளைகளுக்காக 2021-இல் வெளியிட்ட வழிகாட்டியில், வேகத்தை வளர்க்கிற வழிகளில் ஒன்றாக டைம் வைத்த பயிற்சியையும் முறையாகச் சேர்க்கச் சொல்கிறது. இரண்டையும் படித்தால் சண்டை நாம் நினைக்கிற அளவுக்குப் பெரியது இல்லை என்பது என் கருத்து. மார்க் போடுகிற, எல்லார் முன்னாலும் படிக்கிற, தெரியாததைக் கேட்கிற டைம் ஒன்று. தெரிந்ததை நேற்றைவிட இன்று எவ்வளவு சுலபமாகச் சொல்கிறேன் என்று பிள்ளையே பார்த்துக்கொள்கிற டைம் இன்னொன்று. முதலாவது உங்கள் பக்கத்து வகுப்பு டீச்சர் பயப்படுவது, இரண்டாவது நான் சொல்வது. ஆனாலும் டைம் வைக்கிற நாளில் வயிற்று வலி என்று சொல்கிற பிள்ளை, தாளைக் கையால் மூடிக்கொள்கிற பிள்ளை, கண் கலங்குகிற பிள்ளை இருந்தால், விவாதமே வேண்டாம், அந்தப் பிள்ளைக்கு இரண்டு வாரம் டைமை எடுத்துவிட்டு அட்டை மட்டும் கொடுங்கள்.

பரிசுக்கு வருவோம். முதலில் முடிப்பவர்களுக்குப் பரிசு என்றால் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். முதல் வாரத்திலேயே அந்த மூன்று நான்கு பேர் யார் என்று முடிவாகிவிடும், வருஷம் முழுக்க அவர்களேதான். பரிசு தேவைப்படாத பிள்ளைகளுக்கே பரிசு போய்க்கொண்டிருக்கும். நடுவில் இருப்பவர்கள் கன்னாபின்னாவென்று எதையாவது எழுதிவிட்டு "முடிச்சிட்டேன் மிஸ்" என்று கத்துவார்கள். கடைசியில் இருப்பவர்கள் முயற்சியையே விட்டுவிடுவார்கள், அவர்களுக்காகத்தான் நீங்கள் இதை ஆரம்பித்தீர்கள்.

அதனால் போட்டியைப் பிள்ளைக்கும் அதே பிள்ளையின் போன தடவைக்கும் நடுவில் வையுங்கள். கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் கட்டம் போட்டு, கோட்டுக்கு மேல் எத்தனை சரி என்பதை அந்தப் பிள்ளையே பென்சிலால் நிரப்பட்டும். சரியானது மட்டும்தான் கணக்கில் சேரும். நேற்று 6, இன்று 8 என்றால் ஸ்டார். நேற்று 18, இன்று 18 என்றாலும் ஸ்டார், குறையாமல் நின்றதே பெரிது. குறைந்தால் ஒன்றும் சொல்ல வேண்டாம், நாளைக்குத் தாண்டுவது சுலபமாகிவிடும், பிள்ளைகளே இதைச் சீக்கிரம் கண்டுபிடித்துவிடுவார்கள். சில வாண்டுகள் வேண்டுமென்றே ஒரு நாள் குறைத்துப் போட்டு மறுநாள் ஸ்டார் வாங்கும். அதைப் பிடிக்க வேண்டும் என்றால், நேற்றைய எண்ணோடு ஒப்பிடாமல் இதுவரை எடுத்ததிலேயே பெரிய எண்ணோடு ஒப்பிடுங்கள், அந்தத் தந்திரம் செல்லாது.

பரிசு என்ன கொடுப்பது? பென்சில், ரப்பர், கடலை மிட்டாய் எல்லாம் எப்போதாவது சரி. தினமும் கொடுத்தால் உங்கள் கைக்காசு போகும், அதைவிடப் பெரிய சிக்கல், மிட்டாய் இல்லாத நாளில் கணக்கும் இருக்காது. 1973-இல் மார்க் லெப்பரும் அவரோடு இருந்தவர்களும் ஒரு மழலையர் பள்ளியில் செய்த பரிசோதனை இந்த விஷயத்தில் எல்லாரும் எடுத்துச் சொல்வது. ஏற்கெனவே படம் வரைய ஆசைப்படுகிற பிள்ளைகளில் சிலரிடம் "வரைந்தால் சான்றிதழ் தருவேன்" என்று முன்னாலேயே சொன்னார்கள். சிலருக்குச் சொல்லாமல் திடீரென்று கொடுத்தார்கள். சிலருக்கு எதுவுமே இல்லை. கொஞ்ச நாள் கழித்துப் பார்த்தால், முன்கூட்டி ஆசை காட்டப்பட்ட பிள்ளைகள்தான் தாமாக வரைவது குறைந்திருந்தது. திடீர்ப் பரிசு வாங்கியவர்களுக்கு அப்படி ஆகவில்லை. இதைப் பிடித்துக்கொண்டு பரிசே கெடுதல் என்று சொல்கிறவர்கள் ஒன்றை விட்டுவிடுகிறார்கள்: அந்தப் பிள்ளைகளுக்கு வரைவது ஏற்கெனவே பிடித்திருந்தது. நம் மூன்றாம் வகுப்புக்கு 8 + 7 மேல் அப்படி ஒன்றும் காதல் கிடையாது. பிடிக்காத ஒன்றைத் தொடங்கிவைக்கச் சின்னப் பரிசு உதவும், வேகம் வரவரச் சுவை வரும், அப்போது பரிசை மெல்லக் குறைக்க வேண்டும். முதலில் தினம், அப்புறம் வாரத்தில் இரண்டு நாள், அப்புறம் எந்த நாள் என்று பிள்ளைக்குத் தெரியாத மாதிரி.

காசில்லாத பரிசுகளை நான் அதிகம் நம்புகிறேன். பள்ளி மணி அடிக்கிற வேலை ஒன்று போதும், அதற்காக என்ன வேண்டுமானாலும் செய்வார்கள். பக்கத்து வகுப்புக்குச் சாக்பீஸ் வாங்கப் போவது, காலை வழிபாட்டில் வரிசைக்கு முன்னால் நிற்பது, டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்து ஐந்து அட்டை காட்டுவது. இவற்றோடு வகுப்பு மொத்தத்துக்கும் ஒரு இலக்கு வையுங்கள். திங்கள் முதல் வியாழன் வரை எல்லாருடைய சரியான விடைகளையும் கூட்டி, போன வாரத்தைத் தாண்டினால் வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளை விளையாட்டு. ஒருவர் இரண்டில் இருந்து ஐந்துக்கு வந்தாலும் மொத்தத்துக்கு மூன்று சேரும் என்பதால், கெட்டிக்காரப் பிள்ளைகள் பின்தங்கியவர்களைக் கிண்டல் செய்வதை நிறுத்திவிட்டுச் சொல்லிக்கொடுக்கத் தொடங்குவார்கள். வாரத்துக்கு வாரம் வருகை மாறும் என்பதால் மொத்தத்தை வந்தவர்கள் எண்ணிக்கையால் வகுத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் லீவு போட்ட பிள்ளை மேல் பழி விழும்.

அந்த வெள்ளிக்கிழமை விளையாட்டையும் வீணாக்க வேண்டாம். தாயம் விளையாடுங்கள். இரண்டு கட்டையிலும் ஒன்று, இரண்டு, மூன்று, வெற்றுப் பக்கம் என்று இருக்கும், உருட்டி விழுந்ததைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும், எதிரி தப்பாகக் காயை நகர்த்தினால் எட்டு வயதுப் பிள்ளை உடனே கண்டுபிடித்துவிடும். அதில் இரண்டும் வெற்றாக விழுந்தால் வரும் பன்னிரண்டைத் தவிர, ஆறுக்கு மேல் போகாது. பெரிய கூட்டலுக்கு லூடோ பகடை இரண்டு மூன்றைச் சேர்த்து உருட்டவையுங்கள்.

வீட்டில் எழுதிக்கொண்டுவர இதைக் கொடுக்காதீர்கள். வீட்டில் யார் எழுதினார்கள் என்று தெரியாது, பல வீடுகளில் உட்கார்ந்து பார்க்க ஆளும் இருக்காது. ஆம்பூருக்கு ஷூ கம்பெனி வேலைக்குப் போகிற அம்மா இருட்டிய பிறகுதான் வருவார். வீட்டிலேயே பீடி சுற்றுகிற அம்மாவுக்குக் கை ஓயாது, ஆனால் வாய் சும்மாதான் இருக்கும். பெற்றோர் கூட்டத்தில் அவர்களிடம் சொல்லுங்கள்: "பக்கத்துல உட்காரவெச்சு அஞ்சு கணக்கு வாயால கேளுங்கம்மா, தெரியலன்னா நீங்களே சொல்லிடுங்க, திட்டாதீங்க." படிக்காத அம்மாக்கள்கூட இந்தக் கூட்டலை நம்மைவிட வேகமாகச் சொல்வார்கள், இதற்குப் பள்ளிக்கூடம் தேவையில்லை. "நூறு எடுத்தா செல்போன் வாங்கித் தரேன்" என்று சொல்கிற அப்பாக்களை மட்டும் கொஞ்சம் தடுத்து வையுங்கள்.

இரண்டு ஓரங்களில் இருக்கிற பிள்ளைகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நிமிடத்துக்கு 25 போடுகிற பிள்ளையை 30 போடு என்று துரத்துவதில் பயன் இல்லை. அதற்கு வேறு வேலை கொடுங்கள்: விடை 13 வருகிற கணக்கு எத்தனை செய்ய முடியும், மூன்று எண் கூட்டினால் எப்படி. எந்நேரமும் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற குட்டி டீச்சராகவே வைத்துவிடாதீர்கள், அதுவும் படிக்கத்தான் வந்திருக்கிறது. அந்தப் பக்கம், ஆறு ஏழு வாரம் ஆகியும் அசையாத பிள்ளை ஒன்றிரண்டு இருக்கும். முதலில் வருகைப் பதிவேட்டைப் பாருங்கள், பாதி நாள் வந்திருக்காது. அப்புறம் கண், காது. பள்ளிக்கு வரும் மருத்துவக் குழுவிடம் காட்டலாம். இரண்டும் சரி என்றால், ஐந்து புளியங்கொட்டையை எண்ணாமல் பார்த்தே ஐந்து என்று சொல்கிறதா, 6 பெரிதா 9 பெரிதா என்பதில் தடுமாறுகிறதா என்று பாருங்கள். அங்கேயே தடுமாறினால் கூட்டல் வேகத்தை மறந்துவிட்டு எண் உணர்வில் இருந்து தொடங்க வேண்டும், வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியரிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள்.

தலைமை ஆசிரியர் சுவரில் பெயர் எழுதி ரேங்க் சார்ட் ஒட்டச் சொல்வார், ஆய்வுக்கு வருகிறவர்களுக்குக் காட்ட நன்றாக இருக்கும் என்று. பெயர் இல்லாமல் வகுப்பு மொத்தத்தின் வரைபடத்தை ஒட்டுங்கள், கேட்டால் நோட்டின் கடைசிப் பக்கங்களைக் காட்டுங்கள், அதைவிட நல்ல ஆதாரம் கிடையாது. கூட்டல் ஓரளவு ஓடத் தொடங்கியதும் அதே பத்திரிகை அட்டைகளின் மூலையில் 15 − 8 என்று கழித்தலையும் எழுதிவிடுங்கள். 8, 7, 15 மூன்றும் ஒரே வீட்டு ஆட்கள் என்று பிள்ளைக்குப் பிடிபட்டால் கழித்தலுக்குத் தனியாக இவ்வளவு நாள் ஆகாது. டைம் மட்டும் அதற்கும் கடைசியில்தான்.